இடாப்பில் இருந்த நாற்பத்தொரு பேர்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)



 இந்த உரைக்கான அழைப்பு வந்த அன்றே அது எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. மூன்று வாரமாக ரொறன்ரோவிலிருந்தும் மெல்பேணிலிருந்தும் மானிப்பாயிலிருந்தும் ஆளுக்கொன்று சொன்னார்கள். மேடையில் நிற்பது ஒருத்தி என்றாலும் சொல்லப்போவது எல்லோரும் சேர்ந்து யோசித்தது. ஆகவே "நாங்கள்" என்றே பேசுகிறோம்.

எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு "கல்வி, அறிவு, அனுபவம்". நூற்றாண்டு விழாவுக்குப் பொருத்தமான தலைப்புத்தான். கல்வியைப் புகழ்ந்து அரை மணித்தியாலம் பேசிவிட்டு அமர்ந்துவிடலாம். இந்தக் கல்லூரி இல்லாவிட்டால் எங்களில் பலர் இன்று இருக்கும் இடத்தில் இருக்க மாட்டோம் என்பதும் உண்மை. ஆனால் குழுவில் கதைக்கத் தொடங்கியதும் கதை வேறு பக்கம் போயிற்று.

ஒரு தோழி 1995ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பு இடாப்பை நினைவிலிருந்து எழுத முயன்றாள். ரீச்சர் காலையில் பெயர் கூப்பிடும் அதே ஒழுங்கில் எழுதிக்கொண்டு போனாள். இடாப்பில் இருந்தவர்கள் நாற்பத்தொரு பேர். எல்லோரும் சேர்ந்து முயன்றும் முப்பத்தெட்டுப் பெயர்கள்தான் நினைவுக்கு வந்தன. வட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களோ பத்தொன்பது பேர். அந்தப் பத்தொன்பது பேரையும் பார்த்தால் மருத்துவர் மூவர், ஆசிரியைகள் ஐவர், கணக்காளர்கள், வங்கி உத்தியோகத்தர்கள், பொறியியலாளர் ஒருவர். எல்லோரும் உயர்தரம் எழுதியவர்கள். மற்ற இருபத்திரண்டு பேரும் எங்கே என்ற கேள்வி அன்றுதான் எங்களுக்கு வந்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அது வராமல் இருந்ததே எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

எங்கள் காலத்தைப் பற்றித் தங்கைமாருக்குச் சிறிது சொல்ல வேண்டும். 1990இலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் தங்கம் மாதிரி. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அதன் மேல் கொஞ்சம் எண்ணெய் விட்டு, திரியைச் சின்னதாக எரியவிட்டுப் படித்தோம். சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தார்கள் எங்கள் அம்மாமார். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி கேட்டோம். இவை எதுவும் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. ஊரில் யாரோ ஒருவர் செய்து பார்த்தார், பக்கத்து வீட்டார் பழகினார்கள், ஒரு மாதத்தில் தீபகற்பம் முழுவதும் தெரிந்துவிட்டது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பக்கம் நடந்தது. நாங்கள் புத்தகப் பையையும் தூக்கிக்கொண்டு நடந்தோம். 1996 ஏப்ரலுக்குப் பின் பலர் திரும்பி வந்தார்கள். பலர் கிளாலியால் கடந்து வன்னிக்குப் போனார்கள். பள்ளிக்கூடம் திரும்பத் திறந்தபோது இடாப்பு புதிதாக எழுதப்பட்டது. அதில் இல்லாத பெயர்களைப் பற்றி நாங்கள் சில நாட்கள் கதைத்தோம். பிறகு சாதாரண தரப் பரீட்சை வந்தது. பரீட்சை வந்தால் மற்றதெல்லாம் மறந்துபோகும்.

அப்படி விடுபட்டவர்களில் ஒருத்தி எங்கள் வகுப்பில் கணிதத்தில் முதலாவதாக வருபவள். பெயர் சொல்ல அவள் விரும்பவில்லை. கேத்திரகணிதத் தேற்றத்தை ரீச்சர் கரும்பலகையில் எழுதி முடிக்க முன்னரே மிச்சத்தைச் சொல்லிவிடுவாள். இன்று மருத்துவராக இருக்கும் நாங்கள் மூவரும் அவளிடம் கொப்பி வாங்கிப் பார்த்துத்தான் கணக்குப் படித்தோம். இடப்பெயர்வில் தகப்பனை இழந்தாள். தாய் நோயாளி, கீழே மூன்று தம்பிமார். பதினாறு வயதில் படிப்பு நின்றது.

இரண்டு வருடத்துக்கு முன் அவளை மீண்டும் சந்தித்தோம். வன்னியில் ஒரு சிறிய தையற்கடை வைத்திருக்கிறாள். அதோடு இருபது பெண்கள் சேர்ந்து போடும் சீட்டையும் அவள்தான் நடத்துகிறாள். ஆளுக்கு மாதம் 5,000 ரூபா. மொத்தம் ஒரு இலட்சம். அவசரமாகக் காசு தேவைப்படும் ஒருவர் 22,000 ரூபாவை விட்டுக்கொடுத்து 78,000 எடுத்தால், அந்தக் கழிவு இருபது பேருக்கும் 1,100 வீதம் பிரியும். இந்தக் கணக்கை நாங்களும் செய்வோம். அவள் செய்வது அதற்கு மேல். "இந்த மாதம் சீட்டெடுத்தால் இவ்வளவு நட்டம், நகையை அடகு வைத்து மூன்று மாதம் பொறுத்தால் இவ்வளவு வட்டி, உனக்கு இரண்டாவதுதான் நல்லது" என்று வந்திருக்கும் பெண்ணுக்குத் தாள் பேனை இல்லாமல் சொல்லிவிடுகிறாள். பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த எங்களில் ஒருத்தி வங்கியில் கடன் பிரிவில் வேலை செய்பவள். "நாங்கள் கணினியில் தட்டிப் பார்க்கிறதை இவள் தையல் மெசினில் கால் வைத்தபடியே சொல்லுகிறாள்" என்றாள்.

அவளுடைய புத்தி பதினாறு வயதோடு நின்றுவிடவில்லை. படிப்பு மட்டுமே நின்றது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொள்வதுதான் எங்களைப் போன்ற பரீட்சைப் பிள்ளைகளின் பெரிய பிழை.

இதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. பிரேசிலின் ரெசிபி நகரில் தெரெசினா கராஹேர், டேவிட் கராஹேர், அனலூசியா ஷ்லீமன் என்ற மூன்று உளவியலாளர்கள் சந்தையில் வியாபாரம் செய்த ஐந்து பிள்ளைகளிடம் கணக்குக் கேட்டார்கள். 1985இல் அந்த ஆய்வு வெளிவந்தது. கடையில் பொருள் வாங்குபவர்களைப் போலக் கேட்டபோது நூற்றுக்கு 98 விடைகள் சரி. அதே மாதிரிக் கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தபோது நூற்றுக்கு 37தான் சரி. ஒரு தேங்காய் 35 குருசேரோ என்றால் பத்துத் தேங்காய் எவ்வளவு என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்றிடம் கேட்டார்கள். மூன்று 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210, இன்னும் மூன்று 315, இன்னொன்றும் சேர்த்து 350 என்று அது கூட்டிக்கொண்டு போனது.

விடை சரி. ஆனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பத்தால் பெருக்கும்போது ஒரு பூச்சியத்தைச் சேர்த்தால் போதும் என்பது அந்தப் பிள்ளையின் கைக்கு வரவில்லை. பத்துத் தேங்காய்க்குக் கூட்டலாம். பத்தாயிரம் தேங்காய்க்கு? பள்ளிக்கூடம் தருவது அந்தக் குறுக்கு வழியை. எத்தனையோ பேர் எத்தனையோ நூற்றாண்டாகக் கண்டுபிடித்ததை ஒரு பாடவேளையில் கையில் தந்துவிடுகிறது. எங்கள் தோழியிடமிருந்து பறிபோனது புத்தி அல்ல, இந்த வழிகள்தான். அதனால்தான் அந்த இழப்பு பெரியது. "படிக்காவிட்டாலும் கெட்டிக்காரியாகத்தானே இருக்கிறாள்" என்று நாங்கள் ஆறுதல் சொல்லிக்கொள்வது அவளுக்கு நியாயம் செய்வதாகாது.

அனுபவத்தைப் போற்றுவது இப்போது ஒரு நாகரிகமாகவும் இருக்கிறது. "பட்டறிவுதான் பெரிது, படிப்பறிவு ஏட்டுச் சுரைக்காய்" என்று மேடைகளில் சொன்னால் கைதட்டு விழும். மருத்துவர்களாகிய எங்களால் அதையும் முழுதாக ஒப்புக்கொள்ள முடியாது.

எங்கள் கிளினிக்கில் அடிக்கடி கேட்கும் வசனம் ஒன்று: "எனக்கு ஒண்டும் செய்யேல்லை டொக்ரர், அதால பிறஷர் குளிசையை விட்டிட்டன்." சொல்பவர் பொய் சொல்லவில்லை. தலையிடி இல்லை, களைப்பு இல்லை. தன் உடம்பை ஐம்பது வருடமாக அறிந்தவர் அவர். தன் அனுபவத்தின்படி அவருக்கு நோய் இல்லை. உயர் குருதி அமுக்கம் பெரும்பாலும் எந்த அடையாளமும் காட்டாது. ஒரு நாள் காலையில் வாய் கோணி, ஒரு பக்கக் கை கால் இழுத்தபடி அவரைக் கொண்டுவருவார்கள். கண்ணால் காணாத, உடம்பால் உணராத ஒன்றை எண்ணை நம்பி ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்தப் பழக்கத்தை வாழ்க்கை இலேசில் தருவதில்லை.

சோவியத் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா 1931, 1932ஆம் ஆண்டுகளில் உஸ்பெகிஸ்தான் கிராமங்களில் ஒரு கேள்வி கேட்டார். பனி நிறைந்த தூர வடக்கில் கரடிகள் எல்லாம் வெள்ளை. நொவாயா செம்லியா தூர வடக்கில் இருக்கிறது. அங்குள்ள கரடி என்ன நிறம்? பள்ளிக்கூடம் போகாத விவசாயிகள் பலர், தாங்கள் அந்த ஊருக்குப் போனதில்லை, காணாததைப் பற்றிச் சொல்ல முடியாது என்றார்கள். சிறிது காலமே படித்தவர்கள்கூட உடனே வெள்ளை என்றார்கள். முதல் விடையில் ஒரு நேர்மை இருக்கிறது. காணாததைக் கண்டதாகச் சொல்லாத அந்தக் குணம் எங்களுக்கும் வேண்டும். ஆனால் கிருமியும் குருதி அமுக்கமும் எல்லாம் நொவாயா செம்லியாக் கரடிகள்தான். அவற்றை அங்கு போகாமலே நினைத்துப் பார்க்கும் பழக்கத்தைத் தந்தது இந்த வகுப்பறை.

அனுபவம் ஒரு தலைமுறையை அல்ல, பல தலைமுறைகளையே தவறவிட்ட கதையும் உண்டு. வயிற்றோட்டம் என்றால் தண்ணீரையும் சாப்பாட்டையும் நிறுத்துவது எத்தனையோ ஊர்களில் வழக்கமாக இருந்தது. உள்ளே போவதுதானே வெளியே வருகிறது என்பது கண்கண்ட அனுபவம். அந்த அனுபவத்தால் பிள்ளைகள் உடல் வற்றி இறந்தார்கள். உப்பும் குளுக்கோசும் சேர்ந்தால் குடல் நீரை உறிஞ்சும் என்பது ஆய்வுகூடத்தில் தெரியவந்தது. 1971இல் வங்காளதேச அகதிகள் இந்திய எல்லையைக் கடந்து வந்தபோது, பொங்கான் முகாமில் கொலரா பரவியது. டொக்டர் திலிப் மகலனோபிஸ் அங்கு கடமையில் இருந்தார். நாளத்தில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோகும் நிலை. உப்பு, சோடா, குளுக்கோசு மூன்றையும் நீரில் கரைத்து உறவினர்களின் கையில் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர் அளவில் இறந்துகொண்டிருந்த இடத்தில், நான்குக்கும் குறைவானவர்களே இறந்தார்கள். 1978இல் லான்செற் மருத்துவ இதழ் இதை இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கலாம் என்று எழுதியது. எங்கள் வீடுகளில் நாம் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பக்கற்றின் கதை இதுதான்.

அந்த முகாமில் கரைசலை வாயில் ஊற்றியவர்கள் தாதியர் அல்லர். அம்மாமாரும் அக்காமாரும்தான் இரவு முழுவதும் விழித்திருந்து ஊற்றினார்கள். பிறகு 1980களில் வங்காளதேசத்தின் பிராக் நிறுவனம் வீடு வீடாகப் பெண்களை அனுப்பி, மூன்று விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணீர் என்று தாய்மாருக்குச் சொல்லிக் கொடுத்தது. பத்து ஆண்டுகளில் 1 கோடி 20 இலட்சம் வீடுகளுக்கு மேல் போனார்கள். சொல்லிக்கொடுத்தவருக்கான சம்பளம், அந்தத் தாய் பிறகு எவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறாள் என்பதைப் பொறுத்தது. எழுத வாசிக்கத் தெரியாத தாய்மாரால் இதை விளங்கிக்கொள்ள முடியுமா என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களால் முடிந்தது. விஞ்ஞானம் கண்டுபிடித்ததைத் தாயின் கை அளந்தது.

இனி நாங்கள் பிழைவிட்ட ஓர் இரவைச் சொல்ல வேண்டும். கல்வியைப் பற்றி நாங்கள் படித்த பெரிய பாடம் அதுதான்.

உள்ளகப் பயிற்சிக் காலம். எங்கள் வகுப்பைச் சேர்ந்த இருவர் ஒரே வைத்தியசாலையில், ஒரே சிறுவர் விடுதியில் இருந்தோம். ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று நான்கு நாள் காய்ச்சலோடு வந்திருந்தது. ஐந்தாம் நாள் மாலையில் காய்ச்சல் விட்டது. அடுத்த நாள் வீட்டுக்கு அனுப்பலாம் என்று குறித்து வைத்தோம். இரவு பத்து மணியளவில் பிள்ளையோடு நின்ற ஆச்சி வந்து, "டொக்ரர் பிள்ளை, காய்ச்சல் விட்டிட்டுதுதான். ஆனால் பிள்ளை எழும்புதில்லை. கால் குளிருது. மத்தியானத்துக்குப் பிறகு சலமும் போகேல்லை. இது எங்கட பிள்ளை மாதிரி இல்லை" என்றார். அட்டவணையைப் பார்த்தோம். வெப்பநிலை சாதாரணம். "ஆச்சி, நாலு நாள் காய்ச்சல், களைச்சுப் போயிருக்கும். நித்திரை கொள்ளட்டும், நீங்களும் படுங்கோ" என்று அனுப்பிவிட்டோம்.

பன்னிரண்டு மணிக்கு ஆச்சி மறுபடியும் வந்தார். அப்போதும் ஒன்றுதான் சொன்னோம். இரண்டு மணிக்கு மூன்றாம் முறை வந்தபோது அவர் ஒன்றும் பேசவில்லை. எங்கள் கையைப் பிடித்துக் கொண்டுபோய்ப் பிள்ளையின் பாதத்தில் வைத்தார். ஐஸ் மாதிரி இருந்தது. குருதி அமுக்கத்தை அளந்தோம். மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் இடையில் 20தான் இருந்தது. டெங்கு. காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம், அப்போதுதான் குருதியின் நீர்ப்பகுதி நாளங்களிலிருந்து வெளியே கசியும், கை கால் குளிரும், சலம் குறையும், பிள்ளை சோர்ந்துபோகும் என்பதை நாங்கள் படித்திருந்தோம். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழுப் புள்ளியும் எடுத்திருந்தோம். ஆச்சி சொன்ன மூன்றும் எங்கள் புத்தகத்தில் அதே ஒழுங்கில் இருந்தவை. அவர் புத்தக மொழியில் சொல்லவில்லை. அதனால் எங்களுக்குக் கேட்கவில்லை.

பிள்ளை பிழைத்தது. இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தது. நாலு மணித்தியாலம் பிந்தினோம். இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். வீட்டுக்குப் போகும்போது ஆச்சி கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்கள் படிச்சனீங்கள் பிள்ளை. நான் பக்கத்தில இருந்து பாத்தனான். ரெண்டும் வேணும்தானே" என்றார். இருபது வருடப் படிப்பில் எங்களுக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

இது எங்கள் இருவருடைய பிழை மட்டும் என்றால் இங்கே சொல்லத் தேவையில்லை. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2007இல் றையன் சோண்டர்ஸ் என்ற, மூன்று வயதுகூட நிரம்பாத பிள்ளை இறந்தது. பிள்ளையின் நிலை மோசமாகிறது என்ற பெற்றோரின் கவலைக்கு நேரத்துக்குப் பலன் கிடைக்கவில்லை. அதன் பின் 2013இல் "றையனின் விதி" என்ற நடைமுறை வந்தது. குடும்பத்தார் தாங்களே இன்னொரு மருத்துவக் குழுவின் பரிசோதனையைக் கோரலாம். இங்கிலாந்தில் 2021இல் மார்த்தா மில்ஸ் என்ற பதின்மூன்று வயதுப் பிள்ளை குருதி நச்சேற்றத்தால் இறந்தாள். தீவிர சிகிச்சைக்கு முன்னதாகவே மாற்றியிருந்தால் அவள் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என்று மரண விசாரணையில் சொல்லப்பட்டது. 2024இல் "மார்த்தாவின் விதி" அங்குள்ள மருத்துவமனைகளில் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. மார்த்தாவின் தாய் ஒரு பெரிய பத்திரிகையின் ஆசிரியர் குழுவில் இருப்பவர். அவ்வளவு படித்த தாயின் வார்த்தைக்கே அந்தக் கதி என்றால், எங்கள் ஆச்சிமாரின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

2017இல் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். அந்த ஆண்டு எங்களோடு வேலை செய்த இளம் மருத்துவர்களுக்கு நாங்கள் சொன்னது இதுதான்: கட்டிலடிக்குப் போனதும் அட்டவணையைத் தொட முன்னர், பக்கத்தில் இருப்பவரிடம் "இண்டைக்கு என்ன வித்தியாசமாத் தெரியுது?" என்று கேளுங்கள். அவர் என்ன படித்தார் என்று கேட்காதீர்கள்.

அன்பான சகோதரிகளே, மூன்றையும் தொகுத்துச் சொன்னால் எங்கள் குழு வந்து சேர்ந்த முடிவு இது. புத்தி எல்லா வீட்டிலும் பிறக்கிறது. அனுபவம் எல்லோருக்கும் கிடைக்கிறது, கேட்காமலே கிடைக்கிறது. பள்ளிக்கூடம்தான் சிலருக்குக் கிடைத்து, சிலருக்குக் கிடைக்காமற் போகிறது. ஆகவே கிடைத்தவர்களுக்கு ஒரு கடமை இருக்கிறது. கிடைக்காதவர்கள் சொல்வதைக் கேட்டு விளங்கிக்கொள்ள முடியாவிட்டால் எங்கள் படிப்பு அரைகுறைதான்.

இது கருணை என்று யாரும் நினைக்க வேண்டாம். கடன். கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. அதனால்தான் சாதாரண வீட்டுப் பிள்ளைகளான நாங்கள் காசு கட்டாமல் மருத்துவபீடம் வரை போனோம். நாட்டின் வருமானத்தில் பெரும்பங்கு அப்போது தேயிலை, இறப்பர், தெங்கு ஏற்றுமதியிலிருந்து வந்தது. கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகளோ ஓர் அறைத் தோட்டப் பாடசாலைகளில் இருந்தார்கள். அந்தப் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் பொறுப்புக்கு வந்தது 1970களில்தான். எங்களுடைய இலவசக் கல்விக்கு விலை கொடுத்தவர்களில் பலருக்கு அது கிடைக்கவே இல்லை.

இப்போது பரீட்சை முடிவு வந்தால் சந்திக்குச் சந்தி பதாகை கட்டுகிறோம். புலமைப்பரிசில் பெற்ற பிள்ளை, ஒன்பது ஏ எடுத்த பிள்ளை, மருத்துவபீடம் போகும் பிள்ளை. வாழ்த்துவது நல்லதுதான், எங்கள் படமும் ஒரு காலத்தில் மதிலில் இருந்தது. ஆனால் அந்தப் பதாகையின் கீழால் சைக்கிளில் போகும் மற்றப் பிள்ளைக்கு என்ன சொல்கிறோம்? "உனக்கு மூளை இல்லை" என்று சொல்கிறோம். பத்து வயதில் ஒரு பிள்ளை அதை நம்பிவிட்டால், பிறகு எந்த ஆசிரியையாலும் அதை இலேசில் அழிக்க முடியாது.

கடைசியாக, சங்கத்திடம் ஒரு விண்ணப்பம். இந்த விழாவுக்கு வரும்படி எங்கள் கணக்குக்காரத் தோழிக்குத் தொலைபேசி எடுத்தோம். போக்குவரத்து ஒழுங்கு செய்கிறோம், வீட்டில் தங்கலாம் என்றோம். அவள் சிரித்துவிட்டு, "நான் அங்க வந்து என்னடி செய்யிறது? நான் ஓ.எல்லும் எழுதேல்லையே. நான் பழைய மாணவி எண்டு சொல்லலாமோ?" என்றாள்.

எங்களிடம் உடனே பதில் இருக்கவில்லை. பிறகு சங்கத்தின் அங்கத்துவப் படிவத்தை எடுத்துப் பார்த்தோம். பெயர், முகவரி, அதற்கடுத்து "இறுதியாகத் தோற்றிய பொதுப் பரீட்சையும் ஆண்டும்", "உயர் கல்வித் தகைமை", "தற்போதைய பதவி". எங்கள் கையால் நிரப்பிக் கொடுத்த படிவம்தான். அப்போது எங்கள் கண்ணில் ஒன்றும் படவில்லை. அவளுடைய கண்ணால் வாசித்தபோதுதான் தெரிந்தது. மூன்று கட்டங்களிலும் அவள் எழுத ஒன்றுமில்லை.

யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. ஆனால் திருத்துவது இலேசு. எங்கள் விண்ணப்பம் இதுதான். அந்த மூன்று கேள்விகளையும் எடுத்துவிட்டு, "கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, விலகிய ஆண்டு" என்ற இரண்டை மட்டும் வையுங்கள். ஒரு தவணை படித்தவளும் எங்கள் பழைய மாணவி. அத்தோடு ஒவ்வொரு வகுப்பினரும் தங்கள் பழைய இடாப்பைத் தேடி எடுங்கள். கல்லூரி அலுவலகத்தில் கிடைக்காவிட்டால் நினைவிலிருந்து எழுதுங்கள். குழுவில் இருப்பவர்களை விட்டுவிட்டு, இல்லாதவர்களைத் தேடுங்கள். அவர்களில் சிலர் இன்று உயிரோடு இல்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். அவர்களுடைய பெயர்களும் பட்டியலில் இருக்கட்டும்.

உதவி செய்வதற்காக மட்டும் அவர்களைத் தேட வேண்டாம். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவும் கூப்பிடுங்கள். சீட்டுக் கணக்கு எப்படி ஓடுகிறது, கடனில் விழாமல் ஒரு குடும்பத்தை எப்படி நடத்துவது என்பதைப் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எங்கள் தோழி ஒரு பாடவேளை சொல்லட்டும். பூச்சியம் சேர்க்கும் வழியைக் கணித ரீச்சர் சொல்லட்டும். ஆச்சி சொன்னது போல, ரெண்டும் வேணும்தானே.

இன்று அவள் இந்த மண்டபத்தில் இல்லை. படிவம் மாறியதும் முதல் பிரதியை நாங்களே கொண்டுபோய் அவளிடம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறோம். "பாப்பம்" என்றாள். எங்கள் இடாப்பில் பெயர் நினைவுக்கு வராத அந்த மூன்று பேரையும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். 1995இல் பத்தாம் வகுப்பில் எங்களோடு இருந்து இந்த மலரை எங்காவது வாசிக்கும் தோழியே, நாங்கள் உன் பெயரை மறந்ததற்கு மன்னித்துக்கொள். சங்கத்துக்கு ஒரு வரி எழுதிவிடு.